ஏரிப் படகுக்கு நான் போட்ட கார்புரேட்டர்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நான் படகு இன்ஜின் மெக்கானிக்" என்று ஒருவன் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். பாலாற்றிலோ வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். முப்பது வருஷம் கடலோரத்தில் ஷெட் போட்டு, மீன்பிடி படகுகளின் பின்னால் தொங்கும் இன்ஜின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று டீக்கடையில் கேட்டார்கள்.

என் மனைவி இந்த ஊர்க்காரி. பிறந்த ஊரிலேயே கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஷெட்டைக் கொடுத்துவிட்டு வந்தோம். வந்த இரண்டாம் வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அவள் ஊரில் நான் மட்டும் மிச்சம். எல்லோருக்கும் என்னைத் தெரியும், ஆனால் யாருக்கும் என்னிடம் ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. சில நாட்களில் படுக்கப் போகுமுன் அன்று பேசியதை எல்லாம் நினைத்துப் பார்ப்பேன். "ஒரு டீ. சக்கர கம்மியா." அவ்வளவுதான் இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் மகளிர் குழுவின் தலைவி என் வாசலில் வந்து நின்றாள். அந்த வருஷம் ஊர் ஏரியின் மீன் குத்தகையை இந்தப் பெண்கள் எடுத்திருந்தார்கள். எல்லோரும் என் மனைவியின் தெருக்காரர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். தலைவிக்கு ஐம்பது வயதிருக்கும். என் மனைவியை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு வளர்ந்தவள் என்பதால் நான் அவளுக்கு மாமா.

"மாமா, உனுக்குப் போட்டு இன்ஜின் வேல தெரியும்னு அக்கா சொல்லிகினே இருக்கும். ஒண்ணு வாங்கியாந்து கீறோம். கொஞ்சம் பாரேன்."

பின்னால் ஒரு குட்டி யானை வண்டி. அதில் ஒரு பழைய பைபர் படகு, படகுக்குள் சாக்கில் சுற்றிய ஒரு இன்ஜின். கடலோரத்தில் இருக்கும் யாரோ ஒரு உறவுக்காரன் அவர்கள் தலையில் கட்டியிருந்தான். சாக்கை அவிழ்த்ததுமே தெரிந்துவிட்டது, ஏதோ ஒரு புயலில் கடல் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த இன்ஜின். ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், பெட்ரோல். கயிற்றை இழுத்தால் அசைய மறுத்தது.

"இது செத்துப்போச்சு" என்றேன்.

"அதுக்குத்தான் உன்னாண்ட எடுத்தாந்தோம்" என்றாள் அவள்.

ஏரி பெரியது. அக்கரையில்தான் ஆழம், அங்கேதான் வலை. கழி ஊன்றிப் போய்த் திரும்பினால் பாதி நாள் போய்விடும், மீன் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் கண் வெளுத்துவிடும். இன்ஜின் இருந்தால் விடியற்காலையில் போய் நாஷ்டா நேரத்துக்குள் திரும்பிவிடலாம். அவர்கள் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நாற்பது நாள் ஆயிற்று. வாசலில் தார்ப்பாய் விரித்து இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டேன். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிது. சிலிண்டரைச் செங்கல்பட்டுக்கு எடுத்துப்போய்க் கடைந்து வந்தேன். குழுப் பெண்கள் வேலை முடிந்து போகும் வழியில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். இது எதுக்கு, அது இன்னாத்துக்கு என்று கேட்டார்கள். தலைவியின் நாத்தனார் ஒருத்தி, வாய்த்துடுக்குக்காரி, பிரித்துப்போட்ட சாமான்களைப் பார்த்து, "ஒயுங்கா திருப்பி மாட்டுவியா மாமா, இல்ல பயைய இரும்புக்குப் போட்டுடலாமா?" என்பாள். நான் கோபப்படுவதுபோல நடிப்பேன். அந்த நாற்பது நாளில் பேசியதை எண்ண வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

எல்லாம் முடிந்து கடைசியாக நின்றது கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற சாமான் அது. உப்புத் தண்ணீர் தின்றுவிட்டதால் கையில் எடுத்ததும் மாவாக உதிர்ந்தது. புதிதாக ஒன்று போட்டாக வேண்டும்.

இரண்டு வழி இருந்தது. அதே மாதிரி ஒரு கார்புரேட்டர் வாங்கிப் போடலாம். அல்லது, அதே இன்ஜினின் புது மாடலுக்கு இன்ஜெக்‌ஷன் வருகிறது. சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று அளந்து சொல்ல, ஊசி போட்டதுபோலப் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும். சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை ஒன்றில், தண்ணீருக்குள் இறங்கும் கால் பகுதி உடைந்த புது மாடல் இன்ஜின் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தேன். இன்ஜெக்‌ஷன் செட் முழுசாக, நல்ல நிலையில் இருந்தது. எங்கள் இன்ஜினில் அப்படியே உட்காரும்.

ஏரிக்கு எது சரி என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. இன்ஜெக்‌ஷன்தான் சரி. கடலில் படகு தினமும் ஓடும், அதனால் கார்புரேட்டர் தாங்கும். ஏரிப் படகு வாரத்துக்கு ஒருநாள் ஓடினால் அதிகம். மற்ற நாளெல்லாம் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கும் பெட்ரோல் பிசினாகிவிடும். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை வேறு இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் வருகிற வழியில் ஜெட் என்று ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று இருக்கிறது, அது அடைத்தால் இன்ஜின் நிற்கும். திரும்பத் திரும்ப அடைக்கும். திரும்பத் திரும்ப யாராவது வந்து சுத்தம் செய்ய வேண்டும்.

அந்த யாராவது இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

சத்துணவுக் கூடத்தில் குழு கூடியது. எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கார்புரேட்டர்தான் நல்லது என்று பேசினேன். நன்றாகவே பேசினேன். இன்ஜெக்‌ஷனுக்கு பேட்டரி வேண்டும், பேட்டரி நனைந்தால் தொலைந்தது, கம்ப்யூட்டர் பெட்டி போனால் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்றேன். நான் பார்த்து வைத்த அந்தச் செட் பேட்டரியே வேண்டாத ரகம், கயிறு இழுத்தாலே போதும். அதை நான் சொல்லவில்லை. தலைவி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"கடல்ல இப்போ எத்த போடறாங்க மாமா?"

"ரெண்டும்தான்" என்றேன். அவள் தலையாட்டினாள். ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. என்னை நம்பினார்கள்.

படகை ஏரியில் இறக்கிய அன்று ஒரு சின்னத் தகராறு. வண்டிக்குப் பூஜை போட்டால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும், படகுக்கு எங்கே வைப்பது? ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் படகின் அடியில் நாலு மூலைக்கு நாலு பழம் வைத்துத் தள்ளினோம். மூன்று நசுங்கின, ஒன்று உருண்டு தண்ணீரில் மிதந்து போயிற்று. ஒருத்தி தேங்காய் உடைத்தாள், இன்னொருத்தி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். இரண்டாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. ஏரிக்கரை முழுக்கக் குலவைச் சத்தம். என்னை நடுவில் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள்.

அன்று நான் ஒரு விஷயத்தை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் பெட்ரோல் ஹோஸைக் கழற்றிவிட்டு, இன்ஜினை அது தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். கிண்ணத்தில் இருக்கிற மிச்சப் பெட்ரோல் எரிந்து தீர்ந்துவிடும். தேங்கினால்தானே பிசினாகும்? இரண்டு நிமிட வேலை. கடலோரத்தில் மழை மாதத்தில் படகை நிறுத்தி வைக்கிறவர்கள் எல்லோரும் செய்வது. நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். நான் மறக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆள் வந்தது. இன்ஜின் பிடிக்கவில்லையாம். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி ஜெட்டைக் குத்தி, ஊதி, மாட்ட வேண்டும். கால் மணி நேரம் பிடிக்கும். நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டிப் பார்த்தேன், தேவையே இல்லாமல். அவர்கள் சுற்றி உட்கார்ந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசினார்கள். முடிந்ததும் தூக்குச்சட்டியில் இருந்த கூழை எனக்கும் ஊற்றினார்கள், கடித்துக்கொள்ள வெங்காயம். வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை.

அதன் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. எட்டு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை கூப்பிடுவார்கள். எப்போது அடைக்கும் என்பது எனக்குத்தான் தெரியுமே. படகு எத்தனை நாளாகச் சும்மா நிற்கிறது என்று பார்த்து, கூப்பிடுவார்கள் என்று தோன்றும் நாளில் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டு, ஏரிக்கரைப் பக்கம் எதேச்சையாகப் போவதுபோல நடப்பேன். "மாமா இல்லன்னா நம்ம பாடு பேஜார்தான்" என்று ஒருநாள் நாத்தனார்காரி சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கார்த்திகை மாதம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறுகிற இடம். எங்கள் ஏரியில் அது ஆள் உயரத்துக்குக் கீழே விழும், விழுகிற இடம் முழுக்கக் கருங்கல். அன்று காலை தூறல் விட்டிருந்தது. தலைவியும் நாத்தனாரும் மட்டும் வலையைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். படகு பதினோரு நாளாகச் சும்மா நின்றிருந்தது. நான் சவரம் செய்துகொண்டு கரையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது இன்ஜின் எப்படியோ பிடித்துவிட்டது. நடு ஏரியில் சத்தம் மாறிற்று. இரண்டு முறை இருமி, இழுத்து, நின்றுவிட்டது.

அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம். இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மொத்தத்தையும் எழுதியே பிரயோஜனம் இல்லை. இன்றைக்கு வேலை வந்துவிட்டது, மத்தியானம்வரை இவர்களோடு இருக்கலாம் என்று நினைத்தேன். எழுந்து சட்டையைக்கூடத் தட்டி விட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் படகு பக்கவாட்டில் நகர்வதைப் பார்த்தேன். வடகிழக்குக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. தலைவி கயிற்றை இழுப்பதும் மறுபடி இழுப்பதும் தெரிந்தது. நாத்தனார் கழியை ஊன்றினாள். ஆழத்தில் கழி தரையைத் தொடவில்லை. படகின் மூக்கு கலங்கல் பக்கம் திரும்பிவிட்டது. நாத்தனாருக்கு நீச்சல் தெரியாது என்று எனக்குத் தெரியும், கூழ் குடிக்கும்போது அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கரையோடு ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடுவேன் என்று நினைத்ததில்லை. கையில் கருவிப் பெட்டி, அதைக் கீழே போட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வயலில் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தவர்களைக் கத்திக் கூப்பிட்டேன். ஏரிக்குள் கலங்கலுக்கு முன்னால் கருவேல மரங்கள் பாதி முழுகி நிற்கும். படகு அதில் ஒன்றின் மேல் போய் மோதியது. இரண்டு பெண்களும் முள்ளுக் கிளையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டார்கள். ஆட்கள் லாரி டியூபும் கயிறும் கொண்டுவந்து, நீந்திப் போய்ப் படகை இழுத்துக் கரை சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மறுபடி தூறல் பிடித்தும், அவ்வளவு நேரமும் அவர்கள் முள்ளை விடவில்லை.

கூடிய கூட்டம் கலைந்ததும் நாங்கள் மூன்று பேர் மட்டும் படகுக்குப் பக்கத்தில் இருந்தோம். நாத்தனார் உள்ளங்கையில் ஏறிய முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். தலைவி முந்தானையால் தலையைத் துவட்டினாள். நான் பழக்கதோஷத்தில் இன்ஜின் மூடியைத் திறக்கப் போனேன்.

"அத்த வுடு மாமா" என்றாள் தலைவி. "ஒண்ணு கேக்கறேன். நானும் பாத்துகினேதான் கீறேன், ஒவ்வொரு வாட்டியும் அந்த ஒரே ஓட்டையத்தான் குத்தற. கடல்ல போறவங்களுக்கும் இப்டித்தான் பத்து நாளைக்கு ஒரு வாட்டி நின்னுபோவுமா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பெட்ரோல் பங்க் மேல் பழி போட்டிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் நாத்தனாரின் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"நிக்காது" என்றேன். ஹோஸைக் கழற்றி ஓடவிடுகிற இரண்டு நிமிட வேலையைச் சொன்னேன். இன்ஜெக்‌ஷனுக்கு பேட்டரி வேண்டாம் என்பதையும் சொன்னேன். எதற்காகச் சொல்லாமல் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

நாத்தனார், "பாவி" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. தலைவி திட்டவில்லை. ஈர முந்தானையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

"எத்தப் போட்டா உன்ன கூப்புடத் தேவையில்லியோ, அத்தப் போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

புதுப்பேட்டைக்குப் போய் அந்தச் செட்டை வாங்கி வந்தேன். எட்டு நாள் வேலை. மறுபடியும் அதே தார்ப்பாய், அதே வாசல். ஒருத்தியும் வேடிக்கை பார்க்க வரவில்லை. தெருவில் போகிறபோது வேகமாக நடந்து போனார்கள். ஒயரிங் போடும்போது விளக்கைப் பிடிக்க ஆள் இல்லாமல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மாட்டினேன். பில்டர் எப்போது மாற்றுவது, பியூஸ் எங்கே இருக்கிறது, மாற்று பியூஸ் எங்கே ஒட்டியிருக்கிறது எல்லாவற்றையும் இன்ஜின் மூடியின் உள்பக்கம் பெயின்ட்டில் பெரிய எழுத்தாக எழுதினேன். எனக்கென்று எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே இழுப்பில் பிடித்தது. தலைவி சத்தத்தைக் கேட்டுவிட்டு, "சரி மாமா" என்றாள்.

அதோடு முடிந்தது. மார்கழி முழுக்க, படகு ஓடும் நாட்களில் விடியற்காலையில் என் வீட்டுக்கே சத்தம் கேட்கும். சீரான சத்தம். இருமல் இல்லை, திணறல் இல்லை. படுத்துக்கொண்டே கேட்பேன். இவ்வளவு சுத்தமாக ஓடுகிற இன்ஜினை நான் என் கையால் செய்தேன் என்ற பெருமை கொஞ்சம் வரும், பிறகு மிச்ச நாள் முழுவதும் செய்ய ஒன்றுமில்லாமல் கிடக்கும். ஒரு டீ. சக்கர கம்மியா.

தை பிறந்து ஏரியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் மீன் நன்றாகப் பட்டது. ஒருநாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் கிளம்பினேன். பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. கை வீசி நடப்பது என்னவோபோல இருந்தது. கரையில் மூன்று கல் கூட்டி, அன்று கழித்துப்போட்ட பொடி மீனில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்ஜின் நல்லாத்தான் கீது மாமா" என்றாள் தலைவி, நான் வாய் திறப்பதற்கு முன்.

"தெரியும். சத்தம் கேட்டுகினுதான் கீறேன். சும்மா வந்தேன்."

சும்மா வந்தேன் என்று யாரிடமும் நான் அதுவரை சொன்னதில்லை. அவள் ஒரு தட்டை எடுத்துக் கழுவி, சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள். "குந்து" என்றாள். நாத்தனார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையில் வேலையாக இருந்தாள். மற்றவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. இன்ஜினைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அது இல்லாவிட்டால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. குழம்பு ருசியாக இருந்தது.

"என் வூட்டுக்காரி இருந்திருந்தா, இந்தக் கொயம்புக்கு இன்னும் ரெண்டு கரண்டி சோறு துன்னிருப்பா" என்றேன்.

தலைவி கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "யாரு, அக்காவா?"

"ஆமா."

"அக்காவுக்கு மீனே ஆவாதே மாமா. சின்ன புள்ளையிலேர்ந்தே. அவங்க வூட்ல மீன் வாங்கியாந்தா, கொதிக்கற வாசனைக்கே எய்ந்து எங்க வூட்டாண்ட வந்து குந்திக்கும். கடலாண்ட கட்டிக் குடுக்கறாங்கன்னதும் நாங்கள்லாம் எப்டி சிரிச்சோம் தெரியுமா?"

நான் விளையாட்டுக்குச் சொல்வதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

படகுக்காரர்கள் கூலியோடு மீனும் கொடுப்பார்கள். முப்பது வருஷம் தினமும் அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்திருக்கிறேன். முப்பது வருஷம் தினமும் குழம்பு வைத்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு ஷெட்டுக்குப் போய்விடுவேன், அங்கே யாராவது எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். அவள் அதற்கப்புறம்தான் சாப்பிடுவாள்.

வலையிலிருந்து கையை எடுக்காமல், "அப்போ அங்க அக்கா இன்னாத்தத் துன்னும்?" என்று நாத்தனார் கேட்டாள். கலங்கலுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியாது என்றேன்.